முன்னால் ஒருவர்

கம்பெனிக்காரர்கள் கடைசி வரைக்கும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். வேலாங்காட்டுப் பிரிவில், வளைவுக்கு நேர் எதிரே, ரோட்டை ஒட்டி ஒரு மனிதர் நின்றார், வண்டி அவரைப் பார்த்தது, பார்த்ததும் நின்றது. மனிதரைக் கண்டால் தானே பிரேக் போட்டு நிற்பதுதான் வண்டியின் வேலை, சட்டமும் அதைத்தான் சொல்கிறது. பின்னால் வந்தது பழைய மண் லாரி, அதில் அந்தக் கருவி கிடையாது, அதனால் அது நிற்கவில்லை. ஆகவே எங்கள் வண்டி மீது குற்றம் இல்லை என்று, துக்கம் விசாரிக்கிற குரலிலேயே சொன்னார்கள்.

அந்த வண்டிக்குள் இருந்தது குழந்தைவேலின் ஒரே மகள் தாரகை.

குழந்தைவேல் கோயமுத்தூருக்குத் தெற்கே பம்ப் செட்டுகளுக்கு வார்ப்பு ஊற்றும் பட்டறை நடத்துகிறவர். மகளுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில், இருப்பதிலேயே பத்திரமான வண்டி எது என்று ஊரெல்லாம் விசாரித்து அவர்தான் அதை வாங்கிக் கொடுத்தார். அவர் ஓட்டிக்கொண்டிருந்ததோ எந்தக் கருவியும் இல்லாத ஓட்டை வண்டி. "நான் வாழ்ந்து முடிச்ச கட்டைங்க. பாப்பாவுக்குத்தான் பத்திரம் வேணும்" என்று ஷோரூமில் பெருமையாகச் சொன்னார். வண்டியை வெளியே எடுக்கும்போது அவரும் மனைவி கோகிலவாணியும் முன்னால் நின்று சூடம் சுற்றினார்கள். உள்ளிருந்து ஒரு பெண் குரல், பாடம் ஒப்பிப்பதுபோல, "முன்னால் இருவர்" என்றது. ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்த தாரகை விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, உங்களை ஆளுன்னு கண்டுபிடிச்சிருச்சு பாருங்க" என்றாள்.

அந்தச் சிரிப்பை அவர் பிறகு எத்தனையோ முறை நினைத்துக்கொண்டார்.

ஒன்றுமில்லாத இடத்தில் இப்படிக் கார்கள் நட்டு வைத்தாற்போல் நின்றுவிடுவதை ஜனங்கள் பேய் பிரேக் என்றார்கள். கம்பெனிகளுக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. மண் லாரி ஓட்டிய டிரைவர் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் குழந்தைவேலின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். "என்ற கொழந்தைக மேல சத்தியமுங்க, ரோட்டுல ஆருமே குறுக்க வரலீங்க. அந்தக் காரு பாட்டுக்குப் போயிட்டிருந்துச்சு, திடுக்குனு நின்னுபோச்சு. நான் என்னங்க பண்ணுவேன்." வேகமாக ஓட்டி உயிரை எடுத்ததாக அவன் மேல்தான் வழக்கு.

குழந்தைவேல் அவன் சொன்னதை நம்பினார். கம்பெனி ஆபீசுக்கு நடையாய் நடந்தார். அவர் நஷ்டஈடு கேட்கவில்லை. "ஒண்ணு, அங்க நின்ன ஆளைக் காட்டுங்க. இல்லாட்டி அங்க ஆருமில்லைன்னு வாயைத் தொறந்து சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சா நான் வூட்டுக்குப் போயிப் படுத்துக்குவேன்" என்றார். வண்டி எடுத்த படத்தையாவது காட்டச் சொன்னார். காட்ட முடியாதாம். படத்தில் இருக்கிறவருடைய அந்தரங்கம் கெட்டுவிடுமாம். செத்துப்போனவளின் அப்பனிடம், ஓடிப்போனவனின் அந்தரங்கத்தைப் பற்றிப் பேசினார்கள்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் ரோட்டோரம் யார் நின்றாலும் குழந்தைவேல் முகத்தை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். நீயா, என் மகளைக் கொன்றுவிட்டு ஓடியவன் நீயா என்று மனசு கேட்டுக்கொண்டே இருக்கும். டீக்கடையில் ஒரு கிழவர் இவர் பார்வை தாங்காமல் பாதி டீயோடு எழுந்து போய்விட்டார். பைத்தியம் பிடிப்பதற்கு அவருக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது.

அவரைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தது ஒரே ஒரு விஷயம். தாரகையின் பதினாறாம் நாள் காரியத்துக்கு, அவள் போன அதே இடத்தில், கண்ணீர் அஞ்சலி கட்அவுட் ஒன்று வைத்திருந்தார். சதுர ஃப்ளெக்ஸ் இல்லை. பிளைவுட்டில் ஒட்டி, உடம்பின் வளைவோடு வளைவாக அறுத்தெடுத்த ஆள் உயர உருவம். நீலச் சுடிதார், தோளில் பை, வேலைக்குக் கிளம்பி நிற்கிற கோலம். அதை வைத்த கொஞ்ச நாளிலேயே ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. தாரகை அங்கே வண்டிகளை நிறுத்துகிறாளாம். எவ்வளவு வேகமாக வருகிற காரும் அவள் முன்னால் வந்ததும் தலை குனிந்து நின்றுவிட்டுத்தான் போகிறதாம். கார்க்காரர்கள் கண்ணாடியை இறக்கி ஒரு பூவை வீசிவிட்டுப் போனார்கள். பைக்கில் போகிறவர்கள் ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பழைய வண்டிகளை ஒழிக்கச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்டதில் குழந்தைவேலும் புது வண்டிக்கு மாறியிருந்தார். பட்டறையிலிருந்து திரும்பும்போது வளைவில் அந்தக் குரல் கேட்கும். "முன்னால் ஒருவர்." வண்டி நின்றுவிடும். எதிரே மகள் நிற்பாள். பின்னால் வருகிறவன் ஹார்ன் அடிக்கிற வரைக்கும் அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பார். இரும்போடும் நெருப்போடும் பிழைப்பு நடத்துகிறவர், இந்த மாதிரிப் பேச்சுகளைக் கேட்டால் கிண்டல் செய்கிறவர்தான். ஆனால் இந்த ஒன்றை மட்டும் அவர் நம்பினார்.

ஒரு நாள் மதியம் பட்டறைக்கு ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர் ரெஜினா என்றாள். சொந்த ஊர் தூத்துக்குடி பக்கம், வேலை அதே கார் கம்பெனியில். விபத்துப் படங்களைப் பார்த்து வண்டி செய்தது சரியா தப்பா என்று முடிவு சொல்கிற பிரிவு.

"கம்பெனிக்குத் தெரியாமத்தான் வந்திருக்கேன் சார். நீங்க கேட்ட படம் எங்கிட்ட இருக்கு" என்றாள்.

குழந்தைவேல் உலைக்காரரிடம் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு அவளைத் தன் அறைக்கு அழைத்துப் போனார். உட்காரச் சொல்லக்கூட மறந்துவிட்டார். அவள் போனை மேஜை மேல் வைத்தாள்.

படத்தில் ரோடு ஓடி வந்தது. வளைவு வந்தது. வளைவின் நேர் எதிரே ஒரு மஞ்சள் கட்டம் விழுந்தது. கட்டத்துக்குள் ஒரு மனிதர். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, இடது கையில் வேட்டி நுனியைப் பிடித்தபடி நிற்கிறார். "முன்னால் ஒருவர்" என்றது குரல். படம் ஒரு குலுங்கு குலுங்கி அணைந்துபோனது.

குழந்தைவேலுக்கு முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. பெற்ற அப்பனை ஒருவனுக்குத் தெரியாமல் போகுமா. அது அவருடைய அய்யன் நாச்சிமுத்து. தாரகைக்கு அப்பாரு, அப்பாவைப் பெற்ற தாத்தா. அவள் போவதற்கு நாலைந்து மாதம் முன்பு, பங்குனியில், எண்பத்திரண்டு வயதில் நிம்மதியாகக் கண்ணை மூடியவர்.

படத்தில் நின்றது அய்யனின் கண்ணீர் அஞ்சலி கட்அவுட். அதை அங்கே வைத்ததும் குழந்தைவேல்தான். ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லோரும் ஆளுக்கொரு ஃப்ளெக்ஸ் வைத்துத் துக்கத்தில் ஒருத்தரை ஒருத்தர் முந்திக்கொண்டிருந்தபோது, பெற்ற மகன் தானும் அதையே வைத்தால் என்ன மரியாதை என்று அவருக்குத் தோன்றியது. "செவுத்துல ஒட்டுற போஸ்டராட்ட வேண்டாம். எங்கய்யன் நேர்ல நின்னா எப்படி நிப்பாரோ அப்படி நிக்கோணும்" என்று ஃப்ளெக்ஸ் கடைக்காரனிடம் சொன்னார். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. "பண்ணிப்போடலாமுங்க. காலுக்கடியில நெழலும் போட்டுத் தர்றனுங்க. தூரத்துல வர்றவங்க ஆளுன்னே நெனச்சுக் கும்புட்டுப் போவாங்க" என்றான். வருகிற போகிற எல்லோர் கண்ணிலும் படும்படி வளைவுக்கு நேராக நிறுத்தினார்கள். கீழே ஒரு தட்டியில் துக்கப்படுகிறவர்களின் பெயர்கள். அதில் பெரிய எழுத்து குழந்தைவேலின் பெயர். காரியம் முடிந்தும் அதை எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. செத்தவரின் உருவத்தை யார் முதலில் தொட்டுச் சாய்ப்பது?

சாய்த்தது லாரிதான். தாரகையின் வண்டியை நசுக்கித் தள்ளியபோது கட்அவுட்டும் உடைந்து முள்ளுக்குள் போய் விழுந்தது. மறுநாள் அதைப் பார்த்த குழந்தைவேல், அந்த நிலைமையிலும், அய்யன் இப்படி அலங்கோலமாகக் கிடக்கலாமா என்று பட்டறை ஆட்களை விட்டு எடுத்துக் கொளுத்தச் சொன்னார். கம்பெனி பார்த்ததாகச் சொன்ன ஆளை, தான் இத்தனை நாளாகத் தேடிய ஆளை, தானே எரித்துவிட்டிருந்தார்.

"அய்யோ சாமி" என்றார். தலையை மேஜை மேல் முட்டிக்கொண்டார். ரெஜினா பயந்துபோய் அவர் நெற்றிக்கும் மேஜைக்கும் நடுவில் கையைக் கொடுத்தாள்.

"மொதல்ல நானும் ஆளுன்னுதான் எழுதினேன் சார். கையெழுத்துப் போட்டதே நான்தான்" என்றாள் அவள். "இவ்வளவு வேகமா ஒரு கார் வருது, அந்த மனுஷன் ஆடாம அசையாம நிக்கிறாரேன்னு எனக்குத் தோணவே இல்ல. ஒரு நாளைக்கு எத்தனையோ படம் பாக்கிறோம். காலுக்குக் கீழ நிழல்கூட இருக்கு. நிழல் இருந்தா ஆளுன்னுதான் வண்டியும் நினைக்குது, நாங்களும் நினைச்சோம்."

"இத்தனை வெல வெச்சு விக்கறீங்க. அட்டைக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியாதுங்களா?"

"கண்ணால மட்டும் பாக்குற வண்டி சார் இது. தொட்டுப் பாக்குற மாதிரி இன்னொரு கருவியும் வெக்கலாம். வெல ஏறுதுன்னு விட்டுட்டாங்க. சும்மா நின்னாப் பரவால்ல, நிக்காமப் போயி யாரையாவது இடிச்சாத்தான் தப்புன்னு ஒரு கணக்கு. பின்னாடி வர்றவங்களை யாரும் அந்தக் கணக்குல சேக்கல."

குழந்தைவேல் மெதுவாகத் தலையைத் தூக்கினார். "இப்ப எதுக்கும்மா வந்தீங்க? இதைச் சொல்லி என்னையும் கொன்னுபோட்டுப் போலாம்னா?"

ரெஜினா போனைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். பிறகு, "அதே இடத்துல மறுபடியும் வண்டிங்க நிக்குது சார். நீலச் சுடிதார் போட்ட ஒரு பொண்ணைப் பாத்து நிக்குது. நேத்து நேர்லயே போயிப் பாத்தேன்" என்றாள். "போன மாசம் ஒரு கார் நின்னு, பின்னாடி ஸ்கூட்டர்ல வந்த புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் அதுல மோதிட்டாங்க. அந்தப் பொண்ணுக்கு இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. கைக்குழந்தைக்காரி."

அந்த விபத்து குழந்தைவேலுக்குத் தெரியும். கும்பிடாமல் போயிருப்பார்கள், அதனால்தான் என்று ஊரில் சொன்னார்கள். அவரும் அதைக் கேட்டுத் தலையாட்டியிருந்தார்.

"அந்தக் கட்அவுட்டை எடுத்துருங்க சார். அதைக் கேக்கத்தான் வந்தேன்."

எடுக்கலாம். ஒரு ஸ்பேனர் போதும். ஆனால் கோகிலாவிடம் என்னவென்று சொல்வது? தினம் காலையில் அவள் செம்பில் தண்ணீரும் ஒரு பழைய துணியும் எடுத்துக்கொண்டு பிரிவுக்கு நடந்து போவாள். மகளின் முகத்தில் படிந்த புகையைத் துடைப்பாள். பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்று ஏதோ பேசிவிட்டு வருவாள். வந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். அதை எடுக்கிறேன் என்றால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொல்ல ஆரம்பித்தால் அய்யனின் கட்அவுட் வரைக்கும் போக வேண்டும். உன் மகளைக் கொன்றவன் ஓடிப்போகவில்லை, உன் பக்கத்தில்தான் படுத்திருக்கிறான் என்று சொல்ல வேண்டும். குழந்தைவேலால் அது முடியாது. உலையில் கையை வைக்கச் சொன்னால் வைத்துவிடுவார்.

"வேற வழி ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்றார். குரல் கெஞ்சியது.

ரெஜினா தயங்கினாள். "வண்டிங்க எல்லாம் ஒரே வரைபடத்தைப் பாத்துத்தான் ஓடுது. இந்த இடத்துல தெரியுற உருவத்தைக் கண்டுக்காதேன்னு அதுல ஒரு குறி வெச்சா, எல்லா வண்டியும் கண்டுக்காமப் போயிரும். கம்பெனிக்கும் அது இஷ்டம்தான். தப்புன்னு ஒத்துக்க வேண்டாம் பாருங்க. ஆனா அந்த இடத்துல நிஜமா யாரும் நிக்கக் கூடாது சார். யாராச்சும் வந்து நிக்கிற வழக்கம் உண்டா?"

"இல்லீங்க."

"மாலையெல்லாம் போட்டிருந்துச்சே."

"நாந்தான் போட்டனுங்க. இனிமேப் போடலை. அங்க வெறும் முள்ளுக்காடு, ஆரு வந்து நிக்கப்போறாங்க?"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே செம்பும் துணியுமாகக் கோகிலா அவர் கண்ணுக்குள் நடந்து போனாள். அவளைப் போகவிடாமல் பார்த்துக்கொள்ளலாம், அது தன் பாடு என்று நினைத்துக்கொண்டார்.

"அந்தக் குறியில என்னன்னுங்க போடுவீங்க?"

"இங்கே யாரும் இல்லை. அவ்வளவுதான் சார் வரும்."

குழந்தைவேல் சிரித்தார். எந்த வார்த்தைக்காக அந்த ஆபீஸ் படிகளில் செருப்புத் தேய ஏறி இறங்கினாரோ அந்த வார்த்தை கடைசியில் கிடைத்துவிட்டது. சிரிப்பு அழுகையாக மாறியதை அந்தப் பெண் பார்க்கக்கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, ரோட்டை அகலப்படுத்த அளக்கிறார்கள், ஆபீசர்கள் அங்கே நிற்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்று கோகிலாவிடம் ஒரு கதையை விட்டார்.

"மொகத்துல புகை அடிச்சுக் கெடக்குமேங்க" என்றாள் அவள்.

"நான் தொடைச்சுக்கறேன். நீ கொஞ்ச நாளைக்குப் போகாத."

அவள் சரி என்றாள். எதிர்த்துப் பேசித் தெம்பைச் செலவழிக்கிற நிலையில் அவள் இல்லை. அதன்பிறகு காலை வேளைகளில் செம்பைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

குறி வைத்த மறுநாள் குழந்தைவேல் வளைவுக்கு வந்தார். மகள் எதிரே நின்றாள். வண்டி ஒன்றும் சொல்லவில்லை. வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. யாரோ அன்னியரைத் தாண்டுவதுபோல அவளைத் தாண்டிப் போயிற்று. அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் வளைவு மறைத்துவிட்டது. மகளை இரண்டாவது தடவையும் தானே அனுப்பி வைத்ததாக அவருக்குத் தோன்றியது. தினமும் இரண்டு வேளை இப்படித் தோன்றியது. ஊரில், தாரகை இப்போதெல்லாம் வண்டிகளை நிறுத்துவதில்லை, சாந்தமாகிவிட்டாள் என்றார்கள்.

தை மாதத்தில் தாரகையின் பிறந்த நாள் வந்தது. அன்றைக்குப் பார்த்துப் பட்டறையில் அவசரச் சரக்கு. காலையிலேயே போய் அதை ஏற்றி அனுப்பிவிட்டு, கோகிலா தனியாக இருப்பாளே என்று குழந்தைவேல் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வளைவு வந்தது.

ரோட்டோரத்தில் இரண்டு பேர் நின்றார்கள். ஒன்று தாரகை. இன்னொன்று, ரோட்டுக்கு முதுகைக் காட்டி, தார் விளிம்பில் கால் வைத்து எக்கி, அவள் கழுத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருந்த கோகிலா.

வண்டி பேசும் என்று குழந்தைவேல் காத்திருந்தார். நிறுத்தப்பட்டே பழகிய மனுஷர். காலைச் சும்மா மடக்கி வைத்துக்கொண்டு, அந்தக் குரலுக்காக ஒரு கணம் காத்திருந்தார். குரல் வரவில்லை. கோகிலாவின் முதுகு கண்ணாடி முழுக்க வளர்ந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இரண்டு காலையும் பிரேக் மேல் வைத்து எழுந்து நின்றேவிட்டார். வண்டி கிறீச்சிட்டுக்கொண்டே மண்ணில் இறங்கிச் சரிந்து நின்றது. கோகிலாவின் முந்தானை பானெட்டின் மேல் கிடந்தது.

அவள் திரும்பினாள். அவள் முகத்தில் பயமே இல்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சிரித்தாள்.

"பாத்தீங்களா" என்றாள். "பாப்பா உங்களையும் நிறுத்திப்போட்டா."

அவர் கதவைத் திறந்து இறங்கும்போதே வளைவில் அடுத்த கார் தெரிந்தது. பாய்ந்து போய் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் முள்ளில் விழுந்தார்கள். கார், ஒரு மயிரிழைகூட வேகம் குறையாமல், அவள் நின்ற இடத்தை உரசிக்கொண்டு போயிற்று. உள்ளே இருந்தவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாலை ரோட்டில் நசுங்கிக் கிடந்தது.

கோகிலா எழுந்து உட்கார்ந்து கார் போன திசையைப் பார்த்தாள். "ஏனுங்க, அந்த வண்டிக்குப் பாப்பாவைத் தெரியலீங்களா?"

இன்னொரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் அதை விழுங்கினார்.

"தெரியாது. உன்னையும் தெரியாது. அங்க ஆருமில்லைன்னு நாந்தான் சொல்லி வெச்சேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். முள் கிழித்த கையைத் துடைக்காமல், அவள் முகத்தைப் பார்க்காமல், அய்யனின் கட்அவுட்டிலிருந்து ஆரம்பித்து, நிழலை, நெருப்பை, ஸ்கூட்டர்காரப் பெண்ணை, ஆபீசர்கள் என்று சொன்ன கதையை, ஒன்று விடாமல் சொன்னார். வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன.

கோகிலா நசுங்கிய மாலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடித்தாலாவது தேவலை என்று அவருக்கு இருந்தது.

"தெனமும் அந்த வழியாத்தான் போவா" என்றாள் கடைசியில். "அது அப்பாரு படமுன்னு அவளுக்குத் தெரியும். அந்த வண்டிக்குத்தான் தெரியலை. அது நிக்கறப்ப எதுக்கு நிக்குதுன்னு என்ற பாப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும்."

குழந்தைவேல் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"அந்த ஸ்கூட்டர்காரி கெடையில கெடக்கறான்னு தெரிஞ்சும் இதை நிக்க விட்டீங்க. நான் கேப்பேன்னு பயந்துட்டு." அவள் குரல் உயரவே இல்லை. "எந்திரிங்க. வண்டியில ஸ்பேனர் இருக்குதா?"

அவர் போல்ட்டுகளைக் கழற்ற, கோகிலா மகளைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். கழற்றி முடித்ததும் பார்த்தால் காருக்குள் கொள்ளாத உயரம். வீடு பிரிவுக்குள் கூப்பிடு தூரம்தான். அவர் கால் பக்கம் தூக்கப் போனார்.

"படுக்கப் போட்டுத் தூக்க வேண்டாங்க" என்றாள் கோகிலா. ஆஸ்பத்திரியில் மூட்டையாகக் கட்டிக் கொடுத்ததை அப்படித்தான் தூக்கி வந்தார்கள். முகத்தைக்கூட அவளுக்குக் காட்டவில்லை.

நிமிர்த்தியே பிடித்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு பக்கம், மகளை நடுவில் விட்டு, பெண்ணை மணமேடைக்குக் கூட்டிப் போகிறவர்கள் மாதிரி நடந்தார்கள். குறி வைத்த இடத்தைத் தாண்டி, வண்டி எதுவும் கண்ணில் படாத நேரமாகப் பார்த்து ரோட்டைக் கடக்க இறங்கினார்கள். பாதி ரோட்டில் இருந்தபோது வளைவிலிருந்து ஒரு கார் வந்தது. அவர்களைக் கண்டதும் அலறிக்கொண்டு நின்றது. கண்ணாடி இறங்கியிருந்ததால் உள்ளிருந்து வந்த குரல் அவர்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

"முன்னால் மூவர்."

கோகிலா அப்படியே நின்றுவிட்டாள். அந்தக் குரலைக் கேட்டுக் குழந்தைவேலுக்கும் கால் நகரவில்லை. மூன்று பேர். ஸ்டியரிங்கில் இருந்த பையன் குழம்பிப்போய் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் காருக்குப் பின்னால், தூரத்தில், ஒரு ஸ்கூட்டர் வந்துகொண்டிருந்தது. ஓட்டுகிறவனும், பின்னால் முக்காடு போட்ட ஒருத்தியும்.

ஸ்கூட்டரை முதலில் பார்த்தது கோகிலாதான். மகளின் தோளைப் பிடித்துத் தன் பக்கமாகத் திருப்பினாள். தாரகையின் முகம் அம்மாவின் மார்புக்குள் போயிற்று. ரோட்டுக்கு இப்போது தெரிந்தது வெறும் பிளைவுட்டின் முதுகு.

"முன்னால் இருவர்" என்றது வண்டி.

"வாங்க, வெசையாத் தாண்டலாம்" என்று கோகிலா சொன்னாள். அவர்கள் கடந்து முடித்ததும் கார் கிளம்பிப் போயிற்று. அதன் பின்னால் அந்த ஸ்கூட்டரும் போயிற்று.